வில்லங்கத்தில் ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே ஒத்திக்காரர் இருக்கிறார்

கேள்வி: மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியை நான். கையில் 9 லட்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு நகையை வைக்கலாம் என்று நினைக்கிறேன். வில்லாபுரம் பக்கம் பழைய அபார்ட்மெண்ட்டில் 450 சதுர அடி வீடு, 16 லட்சம் சொல்கிறார்கள், வாடகை 6,500 வருமாம். 1996ல் விற்பவரின் அப்பா கிரயம் வாங்கியது. அவர் 2019ல் இறந்துவிட்டார், உயில் இல்லை. இப்போது மகன் விற்கிறார், அம்மா அவரோடுதான் இருக்கிறார். கோவையில் ஒரு அக்கா உண்டு. ‘89க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க, பங்கு கிடையாது’ என்கிறார் புரோக்கர். வீட்டில் ஒரு குடும்பம் 4 லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ஒத்திக்கு இருக்கிறது. ‘12 லட்சம் கொடுங்க போதும், ஒத்தி அப்படியே ஓடட்டும்’ என்கிறார்கள். வில்லங்கச் சான்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. 25,000 டோக்கன் கொடுத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போது இருக்கிற நிலையில் வேண்டாம். மூன்று காரியம் நடந்தால் வாங்கலாம்.

முதலில் அந்த வில்லங்கச் சான்றை எடுத்து ஓரமாக வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். ஒருவர் இறந்ததும் அவருக்கு எத்தனை வாரிசு என்பதும் அதில் வராது, இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒத்தியும் வராது. உங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு சிக்கலும் சரியாக அந்த இரண்டும்தான். சான்றில் ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்ததால் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

அக்கா விஷயம். இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், மற்றவர்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. 89 என்று புரோக்கர் சொல்வது எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் 1989 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு உண்டு, ஆனால் அதற்கு முன் திருமணமான மகளுக்கு இல்லை என்றது. அது கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு. அதிலும் 2005ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, 2020ல் உச்ச நீதிமன்றமும் வினீதா சர்மா வழக்கில் விளக்கிச் சொன்ன பிறகு அந்தத் தடை எடுபடாது. உங்கள் விஷயத்தில் இந்தப் பேச்சே தேவையில்லை, ஏனென்றால் இது அப்பா சொந்தப் பணத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு, இது 1956 முதலே சட்டம். கல்யாணம் எந்த வருடம் நடந்தது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

ஆக, வேறு வாரிசு இல்லாத பட்சத்தில், மகன் தனியாகக் கையெழுத்துப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. பணம் முழு வீட்டுக்கு. அக்கா பாகப்பிரிவினை வழக்கு போட்டால் நீங்கள் பிரதிவாதி. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும். அக்கா மதுரைக்கு ஒருநாள் வந்து போவதுதான் நல்லது. முடியவே முடியாது என்றால் அவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பதிவு செய்த பவர் பத்திரம், அதுவும் அவரிடம் நீங்களே போனில் பேசிவிட்டு. ‘அக்கா கையெழுத்துப் போட மாட்டார்’ என்று பதில் வந்தால், வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ஒத்தி. 12 லட்சம் போதும் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது வாடகை வருமானத்துக்கு, ஒத்திக்காரர் மாதம் ஒரு ரூபாய் வாடகை தரமாட்டார். 4 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை உங்களுக்கு வீடும் இல்லை, வருமானமும் இல்லை, நகைக்கடன் வட்டி மட்டும் உண்டு.

சட்டப்படி அந்த ஒத்தி செல்லுமா என்றால், பதிவு செய்யாத ஒத்தி அடமானமாகச் செல்லாது. ‘அப்படியானால் காலி செய்யச் சொல்லிவிடலாமே’ என்று விற்பவர் தரப்பில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விளக்கத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: ஒரு சொத்தில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாது’ என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. அதோடு உங்களுக்கு இது நிஜமாகவே தெரியும். அப்புறம் நடைமுறை ஒன்று இருக்கிறது, கொடுத்த 4 லட்சத்தைப் பார்க்காமல் எந்தக் குடும்பமும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாது, அது நியாயமும்கூட.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒத்திப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள், அதுதான் அவர்களுக்குப் பிடிமானம். தொகை 4 லட்சம்தானா என்று பாருங்கள். நடுவில் கைமாற்றாக இன்னொரு ஐம்பதாயிரம் வாங்கி ஓரத்தில் பேனாவில் எழுதியிருப்பதை ஒரு பத்திரத்தில் நான் பார்த்திருக்கிறேன், விற்பவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பத்திரத்தைத் திருப்பி, பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பனையாளர் போட்ட தேதியையும் பாருங்கள். ஒத்தி தொடங்கியதாகச் சொல்லும் தேதிக்குப் பிறகு தாள் வாங்கியிருந்தால் கதை வேறு. கரண்ட் பில் பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது இது: 16 லட்சத்தில் 4 லட்சத்தைக் கிரயத்தன்று ஒத்திக்காரர் பெயருக்கே டிடி எடுத்துக் கொடுங்கள். அவர் ஒத்திப் பத்திரத்தின் அசலில் ‘தொகை முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்து, கிரயப் பத்திரத்திலும் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும். சாமான்களை எடுத்துச் சாவியை ஒப்படைத்த பிறகு டிடி கைமாறட்டும், அதற்கு முன் வேண்டாம்.

1996 கிரயப் பத்திரத்தின் அசலைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் ஏதாவது ஃபைனான்ஸ்காரர் பெட்டியில் இருக்கலாம். அசல் கண்ணில் படாமல் இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள். பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் இந்த வீட்டுக்கான பங்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். முப்பது வருடக் கட்டடத்தில் நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலம்தான்.

செலவுக் கணக்கு. மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 16 லட்சத்துக்கு 1,44,000. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு குறைவாக இருக்கிறது, அதைப் போட்டுப் பதிந்து மீதியைக் கையில் கொடுங்கள் என்பார்கள். நாளை கிரயம் ரத்தாகி பணம் திரும்பக் கேட்டால், பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் உங்களால் காட்ட முடியும். சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் அந்தப் பணத்தைப் பெறும் விற்பவருக்கு வருமான வரித்துறை அபராதமும் உண்டு. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் மதிப்பு வரைதான், உங்களுக்கு வராது.

ஆக அடக்கம் 17,44,000. வருட வாடகை 78,000. ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, பராமரிப்பு, வீட்டு வரி போனால் 62,000 போல நிற்கும், மூன்றரை சதவீதம். நகைக்கடன் வட்டி அதைவிட அதிகம். இதை நான் சொன்னால் வக்கீல் ஏன் கணக்குப் போடுகிறார் என்று கேட்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: நகையை வைத்து இந்த வீட்டை வாங்காதீர்கள். விலையை இறக்குங்கள், இல்லையென்றால் இதைவிடச் சின்னதாகப் பாருங்கள். ஆனால் மலிவு என்று குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கீட்டு வீட்டின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தராத வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் வெறும் தாளில் விற்கவே முடியாது.

வாங்கி முடித்தால், வாடகைக்கு விடும்போது 11 மாத ஒப்பந்தம் எழுதி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 25,000க்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே விற்பவருக்கு வாட்ஸ்அப்பில், ‘இந்தத் தேதியில் இந்த வீட்டுக்கு முன்பணமாக 25,000 கொடுத்தேன், அம்மாவும் அக்காவும் சேர்ந்து கிரயம் எழுதித் தருவதாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் திருப்பித் தாருங்கள்’ என்று அனுப்பி, அவர் ‘சரி’ என்று போடும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.