ஆப்பிளின் ஒரு கன்னம் மட்டும் சிவப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஆப்பிள் மரத்தில் வெயில் படும் பக்கம் பழம் சிவக்கிறது, மறுபக்கம் பச்சையாகவே நிற்கிறது. சத்துக் குறைவா? உரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இருக்கிற சிவப்பும் மங்கும்.

பழத்தின் மேல் ஒட்டிக் கிடக்கும் இலை ஒன்றை விலக்கிப் பாருங்கள். அந்த இலையின் வடிவத்திலேயே வெளிறிய தடம் தெரியும், சுற்றிலும் சிவப்பு. ஒரே காம்பு வழியாக வந்த சத்துதான் இரண்டு இடத்துக்கும். சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் வேரிலிருந்தோ இலையிலிருந்தோ ஏறி வருவதில்லை. தோலின் செல்களே தமக்கு வேண்டியதை அங்கேயே செய்துகொள்கின்றன.

ஆந்தோசயனின், பிளேவனாய்டு எனப்படும் தாவர வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. பினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமார் பத்து நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி நிறமியாக்குகின்றன. இந்த நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுவது எம்.ஒய்.பி. வகைப் புரதம் ஒன்று. கூடவே இரண்டு கூட்டாளிப் புரதங்களும் வேண்டும். இருட்டில் சி.ஓ.பி.1 என்ற இன்னொரு புரதம் அந்த எம்.ஒய்.பி.யைச் சிதைவுக்கு அனுப்பிவிடும். வெளிச்சம் பட்டால் சி.ஓ.பி.1-இன் கை தளர்கிறது, எம்.ஒய்.பி. பிழைக்கிறது, நிறம் ஏறுகிறது. பை கட்டி வளர்த்த ஆப்பிளில் பையைக் கழற்றிய சில நாட்களிலேயே சிவப்பு படர்வது இதனால்தான்.

பிஞ்சைக் கடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதிலும் இதே நொதிப் பாதைக்குப் பங்குண்டு. அப்போது அது டானின் என்ற துவர்ப்புப் பொருளைச் செய்கிறது. பழுக்கும் பருவத்தில் நிறமிக்குத் திரும்புகிறது. வெப்பம் அதிகமானால் நிறம் குறையும், குளிர்ந்த இரவுகள் கூட்டும். ரத்த ஆரஞ்சின் சதை சிவக்கவும் குளிர் வேண்டும்.

அறுவடைக்குச் சில வாரங்கள் முன் உள்கிளைகளை அளவாகக் கவாத்து செய்யுங்கள். பழத்தைத் தொட்டு மறைக்கும் இலைகளை மட்டும் கிள்ளினால் போதும். மொட்டையடித்தால் பழத்துக்குச் சர்க்கரை கிடைக்காது. நிழலுக்குப் பழகிய தோல் திடீர் வெயிலில் வெந்தும் போகும். மரத்தடியில் வெள்ளை விரிப்பு போட்டால் அடிப்பக்கத்துக்கும் வெளிச்சம் எட்டும்.

இன்னொன்று: முழுதும் சிவக்கட்டும் என்று பறிக்காமல் காத்திருக்காதீர்கள். சிவப்பை விட்டுவிட்டு அதன் அடியில் உள்ள பச்சையைப் பாருங்கள். அது மஞ்சளாகத் திரும்பிவிட்டால் பறிக்கலாம்.