ரயில்வே வேலையில் அடிபட்டால்: அமெரிக்க ஊழியர்களின் கேள்விகள்

யார்டில் ரயில் தடம் மாற்றும் ஸ்விட்ச் லீவரை இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒர்க்கர்ஸ் காம்ப் எப்போது வரும்?

வராது. யார் தப்பு என்று பாராமல் வேலைக் காயத்துக்குப் பணம் தரும் மாநில ஒர்க்கர்ஸ் காம்ப், ரயில் கம்பெனி ஊழியருக்குப் பொருந்தாது; 1908-இல் வந்த ஃபீலா என்ற மத்திய சட்டம்தான். அடிபட்டாலே பணம் என்று அதில் இல்லை. கம்பெனியின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று காட்ட வேண்டும். அது துளியளவு இருந்தாலும் போதும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-இலும் அதையே உறுதிசெய்தது. காட்டிவிட்டால் சம்பள இழப்பு, வைத்தியச் செலவோடு பட்ட வேதனைக்கும் ஜூரி தொகை போடலாம்.

ஆகவே அன்றே எழுதும் காய அறிக்கைதான் வழக்கின் அஸ்திவாரம். 'இழுத்தேன், வலித்தது' என்று மட்டும் எழுதினால் கம்பெனியின் தப்பு எங்கே இருக்கிறது? லீவர் பாதியில் சிக்கியதா, எண்ணெய் காணாமல் துருவேறிக் கிடந்ததா, நகரும் தண்டவாளத்துக்கு இடையில் ஜல்லி மாட்டியிருந்ததா, முன்பே யாராவது புகார் சொன்னார்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்விட்ச் எண்ணோடு படம் எடுத்து வையுங்கள். விடிவதற்குள் யாராவது எண்ணெய் விட்டுவிடலாம். இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் கம்பெனியின் கிளெய்ம் ஏஜென்ட் உங்கள் வாக்குமூலத்தை ஒலிப்பதிவு செய்யக் கேட்டால், ஃபீலாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

என்மேலும் தப்பு இருக்கிறது என்கிறார்கள். ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும், குறையும். இழப்பு 5 லட்சம் டாலர், உங்கள் பங்கு 30 சதவீதம் என்று ஜூரி முடிவு செய்தால் கைக்கு 3.5 லட்சம். ஆனால் பெட்டியின் ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போய் அடிபட்டிருந்தால் கதையே வேறு. 1893-இன் பாதுகாப்புக் கருவிச் சட்டத்தை மீறியதாகிவிடும். கவனக்குறைவை நிரூபிக்கவும் வேண்டாம், உங்கள் பங்கென்று ஒரு காசு கழிக்கவும் முடியாது.

இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. இப்போது கேட்கலாமா?

வழக்குப் போடக் கெடு 3 ஆண்டு. இப்படி மெல்ல வரும் பாதிப்பில், பாதிப்பும் அதற்கு வேலைதான் காரணம் என்பதும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். டாக்டர் சீட்டில் அப்படி எழுதிய தேதியைப் பாருங்கள். கம்பெனியோடு பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், பேச்சு கெடுவை நிறுத்தாது.

காயத்தைச் சொன்னால் விதிமீறல் என்று சார்ஜ் போடுவேன் என்கிறார் மேலதிகாரி.

காயத்தைத் தெரிவித்ததற்காகத் தண்டிப்பது சட்டவிரோதம். நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மத்திய அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவில் புகார் கொடுங்கள். வேலையும் பாக்கிச் சம்பளமும் திரும்ப வாங்கலாம். தண்டனைத் தொகை 2.5 லட்சம் டாலர் வரை போகலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் உடனே ஏற்பாடு செய்வதும் கம்பெனியின் கடமை.

மத்திய அரசின் ரயில்வே ரிட்டயர்மென்ட் போர்டு தந்த நோய்க்கால உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா?

ஆம். அதே காயத்துக்காகக் கம்பெனி தரும் செட்டில்மென்ட்டிலிருந்து போர்டு அதை எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தொகையைக் கழித்துப் பாருங்கள்.

ரயில் குழுவினரை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறேன், சம்பளம் கான்ட்ராக்டர் தருகிறார்.

பெரும்பாலும் மாநில ஒர்க்கர்ஸ் காம்ப்தான். ஆனால் எங்கே போக வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தினமும் உத்தரவிடுவது ரயில் கம்பெனியே என்றால், ஃபீலாவுக்குள் வர வழி உண்டு. அந்த உத்தரவு மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.