பூங்காவுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாதா?

கேள்வி: டொராண்டோவுக்கு அருகில் வசிக்கிறேன். மகனுக்கு 14 வயது. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான், என்னோடு உட்கார்ந்து பேசுவதே அபூர்வம். அவனோடு கொஞ்சம் நெருங்கலாம் என்று மே முதல் வாரத்தில் அல்கான்குவின் என்னும் பெரிய காட்டுப் பூங்காவுக்குள் ஐந்து நாள் கனூ (இலேசான துடுப்புப் படகு) பயணம் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஓபியாங்கோ ஏரியில் இறங்கி, வடக்குப் பகுதி வரை துடுப்புப் போட்டு, அங்கிருந்து கனூவைத் தூக்கிக்கொண்டு ஹேப்பி ஐல் ஏரி, அப்புறம் இன்னும் உள்ளே போகிறோம். பனிக்கட்டி விலகிய கையோடு போனால் ட்ரௌட் மீன் நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும்தான். கோடைக்காலத்தில் சின்ன ஏரிகளில் கனூ ஓட்டிய பழக்கம் உண்டு. மனைவி மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் நர்ஸ். கொஞ்சம் பயந்த சுபாவம். அதனால் ஒரு காட்டேஜில் தங்கி மீன் பிடிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மகனும் ரகசியத்தைக் காப்பாற்றுகிறான், எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று அவனைக் கட்டாயப்படுத்தலாமா? அப்படிச் செய்தால் பயணத்தின் நோக்கமே கெட்டுவிடுமா?

பதில்: போனை எடுத்துக்கொண்டு வரட்டும். பூங்காவின் உள்பகுதியில் பெரும்பாலும் சிக்னலே கிடையாது, படம் எடுக்க மட்டும் உதவும். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

நான் பேச வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றி. 'மகனும் ரகசியத்தைக் காப்பாற்றுகிறான்.' யாரிடமிருந்து? பெற்ற தாயிடமிருந்து. எதைப் பற்றி? அவன் உயிர் ஐந்து நாள் எங்கே இருக்கப் போகிறது என்பதைப் பற்றி. இதை விளையாட்டு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. மலையேறப் போகிறவர் எழுதுவார், பைக்கில் நீண்ட தூரம் போகிறவர் எழுதுவார். எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்: 'வீட்டில் சொன்னால் பயப்படுவாள்.' ஆனால் அவர்களெல்லாம் தனியாகப் பொய் சொன்னவர்கள். நீங்கள் பிள்ளையையும் துணைக்குச் சேர்த்திருக்கிறீர்கள். அவனோடு நெருங்க வேண்டும் என்று புறப்பட்டவர், அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பொய்யை வைத்து அந்த நெருக்கத்தை வாங்கியிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேஜையில் அம்மா 'காட்டேஜில் ஹீட்டர் இருக்கிறதா?' என்று கேட்கும்போது அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பானே, அந்தப் பார்வை உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம். பயமாக இருந்திருக்க வேண்டும். நாளைக்கு அவன் 17 வயதில் யாருடைய காரில் எங்கே போகிறான் என்று உங்களிடம் மறைக்கும்போது, 'அப்பா கொஞ்சம் பயந்த சுபாவம்' என்று அவனும் காரணம் வைத்திருப்பான்.

அடுத்தது அந்தப் 'பயந்த சுபாவம்'. இரவு முழுக்க நோயாளிகளுக்கு நடுவில் நிற்கிற பெண். மூச்சுத் திணறுகிறவரையும் ரத்தம் போகிறவரையும் பார்த்து, யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று நொடியில் முடிவெடுக்கிறவர். அவர் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கும். உங்கள் வீட்டில் ஆபத்தைப் பற்றித் தொழில்முறையாகத் தெரிந்த ஒரே ஆளிடம்தான் நீங்கள் இதை மறைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அல்கான்குவினில் உள்காட்டில் தங்க அனுமதிச் சீட்டு வாங்கும்போது எந்த ராத்திரி எந்த ஏரியில் தங்குகிறீர்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்திருப்பீர்கள். ஆக, பூங்கா அலுவலகத்துக்கு உங்கள் வழி முழுக்கத் தெரியும். ஆனால் நீங்கள் திரும்பினீர்களா என்று மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த அலுவலகத்தின் வேலை இல்லை. அதைச் செய்யக்கூடிய ஒரே ஆளுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வராமல் போனால் அவர் அவசர எண்ணான 911-ஐ அழைத்து என்ன சொல்வார்? இல்லாத ஒரு காட்டேஜைப் பற்றிச் சொல்வார். 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூங்கா அது. தேடலின் முதல் மணி நேரங்கள் தவறான இடத்தில் போகும், உங்கள் பொய்யால்.

சரி, ஏன் மறைத்தீர்கள்? உண்மையைச் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும், அதற்கு உங்களிடம் பதில் இல்லை. நான் கேட்கிறேன்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும்? அந்தப் பக்கத்து ஏரிகளில் பனிக்கட்டி விலகுவதே பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான். ட்ரௌட் மேலே வருவதற்கும் காரணம் அதுதான். தண்ணீர் சூடானால் ஆழத்துக்குப் போய்விடும் மீன் அது. அதற்குப் பிடித்த குளிர் உங்கள் பிள்ளையைக் கொல்லக்கூடிய குளிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் உடல் என்ன ஆகிறது என்பதைத் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. விழுந்தவுடன் மூச்சு தன்னால் இழுக்கும், கட்டுப்பாட்டில் இருக்காது. அதை அடக்க ஒரு நிமிடம். அதற்குப் பிறகு கையும் காலும் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதில் பலரும் கவனிக்காத விஷயம், அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் லைஃப் ஜாக்கெட் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை இழுத்துவிடலாம், அல்லது கை மரத்துப்போய் மூழ்கலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். படகில் ஆளுக்கொரு ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். சட்டத்துக்காகக் காலடியில் போட்டு வைப்பவர்கள் ஏராளம். விழுந்த பிறகு அதைத் தண்ணீருக்குள் மாட்டிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த கேள்வி: கவிழ்ந்தால் யார் காப்பாற்றுவது? ஒரே கனூ, இரண்டு பேர். கவிழ்ந்தால் இருவருமே தண்ணீரில். உங்களுக்குக் கை மரத்துப்போனால் மீட்புப் படை என்பது அந்த 14 வயதுப் பையன்தான். அவனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

ஓபியாங்கோ அந்தப் பூங்காவிலேயே பெரிய ஏரி. திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, காற்று எழுந்தால் அலை எழும். சின்ன ஏரியில் பழகிய துடுப்பு அங்கே போதாது. அனுபவசாலிகள் அதிகாலையில், காற்று எழும்புவதற்கு முன் கடந்துவிடுவார்கள், கரையை ஒட்டியே போவார்கள், காற்று அடங்கவில்லையென்றால் கூடாரத்திலேயே ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்துவிடுவார்கள். இங்கேதான் உங்கள் பொய் வெறும் ஒழுக்கப் பிரச்சினையாக இல்லாமல் ஆபத்தாகவே மாறுகிறது. ஞாயிறு இரவு காட்டேஜிலிருந்து வீடு திரும்புவதாகச் சொல்லியிருப்பீர்கள். ஞாயிறு மதியம் ஏரி கொந்தளிக்கிறது. காத்திருந்தால் வீட்டில் விஷயம் வெளிப்பட்டுவிடும். பொய்யைக் காப்பாற்ற வேண்டிய மனிதர் அந்த நேரத்தில் என்ன செய்வார்? கனூவைத் தண்ணீரில் தள்ளுவார். மகனும் ரகசியம் காப்பவன் அல்லவா, வேண்டாம் என்று சொல்ல மாட்டான். 'காற்று அடித்தால் ஒரு நாள் தாமதமாகும், கவலைப்படாதே' என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு இந்த நெருக்கடியே வராது.

டாம் தாம்சன் என்ற ஓவியர், கனடா முழுக்கக் கொண்டாடும் பெயர். அல்கான்குவினில் வழிகாட்டியாக வேலை பார்த்தவர், அந்த ஏரிகளை அறிந்தவர், மீன்பிடிப்பதில் கெட்டிக்காரர். 1917 ஜூலை 8 அன்று கனூ லேக்கில் தனியே படகில் போனார். எட்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். அவர் போனது கோடைக்காலம். நீங்கள் போவது பனிக்கட்டி விலகிய வாரம், பிள்ளையோடு.

செயற்கைக்கோள் கருவி வாங்கப்போகிறேன், அதனால் பரவாயில்லை என்பீர்கள். கட்டாயம் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆனால் பிஎல்பி என்னும் அவசர சமிக்ஞைக் கருவியைக் கனடாவில் பதிவு செய்யும்போது ஓர் அவசரத் தொடர்பு எண்ணும் கேட்பார்கள். கருவி அலறினால் மீட்புக்காரர்கள் அந்த எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்பார்கள். யார் எண்ணைத் தருவீர்கள், தம்பி? ஷிஃப்ட் நடுவில் அந்த அழைப்பை எடுக்கும் பெண் 'இல்லையே, அவர்கள் காட்டேஜில் இருக்கிறார்களே' என்று சொல்வதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: குடும்பத்தில் ஒருவர் காட்டுக்குப் போனால், வீட்டில் இருப்பவரும் அந்தப் பயணத்தில் ஒரு ஆள். துடுப்புப் போடாத ஆள், ஆனால் கடைசியில் உதவியை வரவழைக்க வேண்டிய ஆள். அவரிடம் சொல்ல முடியாத பயணம், போகத் தகுதியில்லாத பயணம்.

ஆகவே முதலில் மகனிடம் பேசுங்கள். அம்மாவிடம் மறைக்கச் சொன்னது என் தப்பு, இன்றைக்கே நான் சொல்லப் போகிறேன், நீயும் கூட இரு என்று சொல்லுங்கள். அவனே போய்ச் சொல்லட்டும் என்று விடாதீர்கள், சொல்ல வேண்டியவர் நீங்கள். மனைவிக்கு ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து வரைபடத்தை மேஜையில் விரியுங்கள். வழியை விளக்குவது மகன் வேலையாக இருக்கட்டும்: எங்கே இறங்குகிறோம், எந்த ராத்திரி எந்த ஏரி, எங்கே கனூவைத் தூக்க வேண்டும். ஹேப்பி ஐலுக்குக் கனூவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதை இரண்டு கிலோமீட்டருக்கு மேல். சாமானை இரண்டு தடவையாகக் கொண்டுபோனால் அதே பாதையை மூன்று முறை நடக்க வேண்டும், ஆறு கிலோமீட்டருக்கு மேல். அவன் இதை வாயால் சொல்லும்போதுதான் எதற்குத் தயாராகிறோம் என்று அவனுக்கே புரியும். உங்களுக்கும்தான்.

மனைவி கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மே மாதம் வேண்டாம் என்று அவர் சொன்னால், என்னைக் கேட்டால் அவர் சொல்வதுதான் சரி. பெரிய ஏரியைக் கடக்காமல் சின்ன ஏரிகள் வழியாகப் போகும் பாதைகள் அந்தப் பூங்காவில் நிறைய உண்டு. ஓபியாங்கோவேதான் வேண்டுமென்றால் பருவத்தில் வாட்டர் டாக்சி கிடைக்கும். ஜூன் கடைசியில் பாஸ் மீனுக்குப் பருவம் திறக்கும், தண்ணீரும் பொறுக்கும்படி இருக்கும். கொசு கடிக்கும், கடிக்கட்டும். செப்டம்பர் 30 வரை ட்ரௌட்டும் பிடிக்கலாம். முதல் மீனைத் தூக்கும் பையனுக்கு அது எந்த இனம் என்பது பெரிதில்லை. இன்னொரு குடும்பத்தையும் அழைத்து இரண்டு கனூவாகப் போக முடிந்தால் இன்னும் நல்லது, ஒன்று கவிழ்ந்தால் மற்றது இருக்கும். எந்த மாதம் போனாலும் தீமூட்டியை நீர்புகாத உறையில் போட்டு உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் பை மிதந்து போய்விடும், சட்டைப் பையில் இருப்பதுதான் கரையில் உதவும்.

தூண்டிலுக்கு உயிருள்ள சிறுமீன் கொண்டுபோகாதீர்கள், அல்கான்குவினில் அதற்குத் தடை. உள்காட்டுக்குள் தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கூடாது. உங்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், 18 வயது ஆகாத மகனுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு தாள். மகன் கையெழுத்தில் இருக்கட்டும். கார் எண், அது எந்த நுழைவிடத்தில் நிற்கும், அனுமதிச் சீட்டு எண், ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் ஏரி, கனூவின் நிறம், கூடாரத்தின் நிறம், இருவரும் போட்டிருக்கும் ஜாக்கெட்டின் நிறம், சாப்பிடும் மருந்துகள். அதன் கீழே இரண்டு நேரங்கள். ஒன்று, வெளியே வரத் திட்டமிட்ட நேரம்: ஞாயிறு மாலை 6 மணி. இரண்டாவது, காற்றுக்காக ஒரு நாள் விட்டு, திங்கள் மாலை 6 மணி. அந்த நேரம் தாண்டியும் உங்களிடமிருந்து சேதி வராவிட்டால் அவர் யோசிக்காமல் 911-ஐ அழைக்க வேண்டும், ஒன்டாரியோ மாகாணக் காவல்துறை தேடத் தொடங்கும். அந்தத் திங்கட்கிழமை ஷிஃப்ட் வேண்டாம் என்று அவர் இப்போதே மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளட்டும். தாளில் அவரும் கையெழுத்துப் போட்ட பிறகு கனூவுக்கு முன்பணம் கட்டுங்கள்.