வேலிமசாலை மூடிய புல்லும் கோரையும்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். வெள்ளாடுகளுக்காக 50 சென்ட்டில் வேலிமசால் என்ற தீவனச் செடி விதைத்து 45 நாள் ஆகிறது. பார் எல்லாம் புல், ஊடே கோரை. மசால் அடியில் கிடக்கிறது. மருந்துக் கடையில் குயிசலோபாப் அடிக்கச் சொல்கிறார்கள். புல் மட்டும் சாகும், மசாலுக்கு ஒன்றும் ஆகாதாம். அடிக்கலாமா, இல்லை உழுதுவிட்டு மறுபடி விதைக்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த வயதில் வேலிமசால் நோஞ்சானாகத்தான் தெரியும். வேர் இறங்கிய பிறகுதான் மேலே எழும்பும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அந்த மருந்து புல் இனத்தைக் கொல்லும். கோரை புல் இனமே இல்லை. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும். புல் செத்த இடத்தையும் சேர்த்துக் கோரை பிடித்துக்கொள்ளும். அதோடு, அது உளுந்து, நிலக்கடலை போன்றவற்றுக்கான மருந்து. அடித்து எத்தனை நாள் கழித்து மசாலை அறுத்து ஆட்டுக்குப் போடலாம் என்பதற்கு லேபிளில் பதில் கிடையாது. சினை ஆடு தின்னும் தழையில் எதற்கு இந்தப் பரீட்சை?

கைக்களைதான் வழி. 50 செ.மீ. வரிசையில் விதைத்திருந்தால் ஊடே சைக்கிள் வீடர் (கையால் தள்ளும் சக்கரக் களைக் கருவி) ஓட்டலாம். செடியை ஒட்டியதை மட்டும் ஆள் விட்டு எடுங்கள். விதை கட்டாத புல்லை ஆட்டுக்கே போடலாம். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கோரையை மேலோடு செதுக்கினால் ஒரே வாரத்தில் பழையபடி நிற்கும். தண்ணீர் விட்ட மறுநாள், மண் பதமாக இருக்கும்போது, கொத்தை ஆழ இறக்கிக் கிழங்கோடு நோண்டி எடுக்க வேண்டும். எடுத்ததை வரப்பில் வீசாதீர்கள், அங்கேயே துளிர்க்கும். களத்தில் போட்டுச் சருகாகக் காயவிடுங்கள். துளிர் வந்த மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டும் என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. மசால் தழைத்து நிழல் கட்டும் வரைதான். கோரைக்கு நிழல் ஆகாது.

அதனால்தான் முதல் அறுப்பில் அவசரம் கூடாது. 90 நாள் பொறுத்து, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு அறுங்கள், அப்புறம் 40 நாளுக்கு ஒரு அறுப்பு, அதே உயரத்தில். ஒட்ட அறுத்தால் வெயில் தரையில் விழும், கோரைக்குக் கொண்டாட்டம்.

மசால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறதா? அப்படியானால் குற்றம் விதையில். அதன் தோல் கடினமானது. 80 டிகிரி சூட்டு நீரில் 5 நிமிடம் போட்டு, வடித்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து இடைவெளிகளில் ஊன்றுங்கள். களை எடுத்த கையோடு செய்தால் நல்லது.

பட்டியிலிருந்து நேராகப் பச்சைப் புழுக்கையை அள்ளிக் கொட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஆட்டின் வயிற்றில் செரிக்காத களை விதை அதில் உயிரோடு வரும். குவித்து மக்கவைத்த பிறகே வயலுக்கு எடுங்கள்.