விரல் மரத்துப்போவது சக்தி ஓட்டமா?

கேள்வி: பிராண சக்தி தடையின்றி ஓடினால் நோய் அண்டாது என்று சொல்லி, பயிற்சியாளர் ஒருவர் 10 நிமிடம் கபாலபாதியும் (வேகவேகமாக மூச்சை ஊதித் தள்ளுவது), அதைத் தொடர்ந்து 16:64:32 கணக்கில் (16 எண்ணி இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது) மூச்சடக்கமும் கற்றுத் தந்தார். செல்போனில் வினாடி பார்த்து மூன்று வாரமாகச் செய்கிறேன். விரல்நுனியும் உதடும் மரத்துக் குறுகுறுக்கின்றன. தலை லேசாகச் சுற்றுகிறது. ‘சக்தி ஓடும் நாடிகளில் அடைப்பு விலகுகிறது, நல்ல அறிகுறி’ என்கிறார். முன்பைவிட அதிக நேரம் மூச்சை அடக்கவும் முடிகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியவை கபாலபாதியும் மூச்சடக்கமும், அதுவும் இன்றே.

உங்கள் விரலில் குறுகுறுப்பது பிராணன் அல்ல. கபாலபாதியில் அடிவயிறு மட்டும்தான் வெடுக்கென்று உள்ளே போக வேண்டும். வெளியேறும் காற்று கொஞ்சமே. நெஞ்சும் தோளும் ஏறி இறங்க 10 நிமிடம் ஊதித் தள்ளினால், ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதில் தனித்துத் திரியும் கால்சியம் குறையும். நரம்புகள் தூண்டுதல் இல்லாமலே துடிக்கும். விரலிலும் உதட்டைச் சுற்றியும் முதலில் தெரிவது அதுதான். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது.

அதிக நேரம் அடக்க முடிகிறது என்று மகிழ்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. ‘மூச்சை இழு’ என்று நம்மை உந்துவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடின் ஏற்றமே. ஆக்சிஜன் குறைவு அல்ல. முன்கூட்டியே அதை ஊதி வெளியேற்றிவிட்டால் அந்த உந்துதல் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் இப்படி மூச்சடக்கி, உந்துதல் வருமுன்பே நினைவிழந்து இறந்தவர்கள் உண்டு.

16:64:32 திருமந்திரக் கணக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வினாடி என்ற பேச்சே இல்லை. மரபில் அளவு ‘மாத்திரை’ என்ற கால அலகு. இலக்கணம் சொல்லும் மாத்திரையோ கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். நீங்கள் ஒரு மூச்சுக்கு 112 வினாடி எடுக்கிறீர்கள்! சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், தவறினால் விக்கலும் இருமலும் தலைவலியும் வரும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்கிறது. மரபே தொந்தரவு என்று சொன்னதை ‘நல்ல அறிகுறி’ என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, எது பயன் தரும்? மூச்சை மெதுவாக்குவது. மூக்கு முதல் கிளைக்குழாய்கள் வரையுள்ள சுமார் 150 மில்லி காற்று எப்போதும் வீண். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடமான நுரையீரலின் சிற்றறைகளை அது தொடுவதில்லை. நிமிடத்துக்கு 24 முறை, முறைக்கு 250 மில்லி என்று மேலோட்டமாக இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். சிற்றறைக்குப் போய்ச் சேருவது 2.4 லிட்டர். அதே 6 லிட்டரை 6 மூச்சில் இழுத்தால் 5.1 லிட்டர் சேரும். காற்று அதே அளவு, பலன் இரட்டிப்பு.

முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கட்டும். வலது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலை வலது நாசிக்கும் மோதிரவிரலை இடது நாசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கெலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் தொட்டால் போதும். பலர் செய்யும் தவறு, அழுத்தி மூக்கையே ஒரு பக்கம் சாய்ப்பது. அடுத்த நாசியும் குறுகிவிடும். இடதில் 4 எண்ணி இழுத்து, வலதில் 6 எண்ணி விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். இப்போது வினாடிக் கணக்கே வைத்துக்கொள்ளலாம்: நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். இழுக்கும்போது வயிறுதான் முதலில் எழ வேண்டும். அடுத்த மூச்சை ‘லபக்’கென்று விழுங்கத் தோன்றினால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம், 3, 4 என்று குறையுங்கள். ஒரு நாசி அடைத்திருந்தால் பயப்படாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாசிகள் மாறி மாறி அடைத்துத் திறப்பது இயல்பே. அன்றைக்கு இரண்டு நாசியாலும் செய்யுங்கள்.

ஓட்டத்தை உணர்ந்தே தீர வேண்டுமென்றால் மணிக்கட்டு நாடியில் விரல் வையுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். வயது ஏற ஏற இந்த வேறுபாடு மங்கும். விடும்போது துடிப்பு தணிவதால்தான் விடும் மூச்சை நீளமாக்கச் சொல்கிறேன்.

மூச்சை மெதுவாக்குவதால் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் மூச்சை அடக்கினால் ஏறும். உங்களுக்கு அது கூடவே கூடாது. காலையும் மாலையும் 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளந்து, இரண்டு வாரம் எழுதி வையுங்கள். அந்தத் தாளுடன் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். மரத்துப்போவதும் தலைசுற்றலும் பயிற்சியை விட்ட பிறகும் தொடர்ந்தால், இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள்.