வாசகர் கேள்வி: தலைப்பில் வந்த ‘சுனாமி’

கேள்வி: தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலை, எங்கள் ஊர் டீக்கடையில் தொங்கிய ஒரு நாளிதழின் போஸ்டரில், தோற்ற கட்சியை ‘சுனாமியில் அடித்துச் செல்லப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 2004-இல் என் அக்காவையும் அவளுடைய கைக்குழந்தையையும் கடலில் இழந்தவள் நான். அந்தப் போஸ்டரைப் பார்த்த என் அம்மா, பால் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ‘அது வெறும் உவமைதானே’ என்கிறார் என் கணவர். நான் மிகைப்படுத்துகிறேனா? இதை யாரிடம் சொல்வது?
– வாசகி, குளச்சல்

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் சிறிதும் மிகைப்படுத்தவில்லை.

2004 டிசம்பர் 26 காலை வரை ‘சுனாமி’ என்ற சொல்லே நம் கடற்கரையில் பெரும்பாலோருக்குத் தெரியாது. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும், இறந்தவர்களை அடையாளம் காட்டிய நாட்களில்தான் அதைக் கற்றுக்கொண்டன. தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் குமரி மாவட்டமே. உங்கள் கணவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ‘அனுதாப அலை’ என்று எழுதினால் எந்த மீனவரும் வருந்தப்போவதில்லை, ஏனெனில் அலை அன்றாடம் வந்துபோவது. சுனாமிக்கோ ஒரு தேதி இருக்கிறது, கல்லறைகள் இருக்கின்றன. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் ‘காணாமல் போனவர்’ என்ற சொல்லுக்கும் இதே கனம் வந்துவிட்டது. தொகுதிப் பக்கம் வராத எம்.எல்.ஏ.வை ‘காணவில்லை’ என்று அறிவிக்கும் தலைப்பை அங்குள்ளவர்களால் எப்படி வேடிக்கையாகப் படிக்க முடியும்?

பொதுவாகத் தலைப்பை எழுதுபவர் செய்தி அனுப்பிய நிருபர் அல்லர். பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், பத்தியின் அகலத்துக்குள் அடங்கும் சொல்லைத் தேடும் உதவி ஆசிரியர். போஸ்டருக்கு இன்னும் குறைவான சொற்களே கிடைக்கும். நானும் அந்த மேசையில் இருந்தவன், 2004-க்குப் பிறகும் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தவன் என்பதால், உங்கள் கடிதத்தை மிகுந்த வருத்தத்தோடுதான் படித்தேன்.

முதலில் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு, போஸ்டரின் படத்தை இணைத்து எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் புகார் செய்ய வேண்டும். தலைப்பு பரபரப்பூட்டுவதாக இருக்கக் கூடாது, கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும் என்பது மன்றத்தின் நெறிமுறைகளிலேயே உள்ளது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. ஆகவே ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தையே நான் பெரிதாக நம்புகிறேன். சட்டப் பிரிவுகளை விட்டுவிட்டு, அம்மா பால் வாங்காமல் திரும்பியதை அதில் எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சொல்லையும் இப்படி விலக்கினால் தலைப்பில் விறுவிறுப்பு எங்கிருந்து வரும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: செய்தியிலிருந்தே வரும். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைக்கூடப் பெறாத வேட்பாளர் டெபாசிட்டை இழக்கிறார். ‘நான்கு தொகுதிகளில் டெபாசிட் காலி’ என்று எழுதினால், தோல்வியின் அளவு முழுவதும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டுக் குளச்சலில் எவரும் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.