தூரை விட்டால் புதர் போகாது: வாசகர் கேள்விகள்

கேள்வி: உண்ணிச்செடி வெட்ட வெட்டத் தழைக்கிறதே?

தரைமட்டத்தில் அரிவாள் போட்டால் தழைக்கத்தான் செய்யும்; அது கவாத்து, தழைப்பதற்காகவே வெட்டுவது. மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை கீழே ஆணிவேரைத் துண்டியுங்கள். பிடுங்கிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்; தண்டு ஈரமண்ணில் பட்டால் மீண்டும் வேர் விடும். காய் பழுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பழுத்தபின் பறவைகள் விதையைத் தூவிவிடும்.

கேள்வி: தீ வைத்துவிடலாமா?

கூடாது. மேலே கருகும்; தூர், அதாவது வேரோடு சேர்ந்த அடிப்பகுதி, சாகாது.

கேள்வி: நிலமெல்லாம் முள்செடி. என்ன மருந்து அடிக்கலாம்?

எந்த முள்செடி? எத்தனை வயது? பக்கத்தில் கிணறு, பயிர் உண்டா? எதையும் எழுதாமல் மருந்துப் பெயர் மட்டும் கேட்டால் சொல்லமாட்டேன். அடையாளம் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கேள்வி: ஜேசிபி வைத்து ஐந்து ஏக்கர் சீமைக் கருவேலத்தை இரண்டே நாளில் சுத்தம் செய்தோம். ஒரே ஆண்டில் முன்பைவிட அடர்ந்துவிட்டது. ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது. இயந்திரத்தின் மேல் தவறில்லை. மேலே தெரிந்த மரத்தை ஒடித்து இழுத்துவிட்டு, தூரை மண்ணுக்குள்ளேயே விட்டிருப்பீர்கள். சீமைக் கருவேலத்தின் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே காத்திருக்கும். ஒரு சாண் ஆழமாவது தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே அறுத்து எடுத்தால்தான் சாகும். இல்லையென்றால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு வரும்.

அடுத்தது விதை. மண்ணில் 10 ஆண்டுவரைகூட உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறி, நிழலையும் நீக்கி, முளைக்க நீங்களே இடம் செய்து கொடுத்தீர்கள். வெறும் நிலமாக விட்டதுதான் பெரிய தவறு. உடனே புல்லோ பயிரோ உள்ளூர் மரக்கன்றோ வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நிலத்தைச் சுற்றி வந்து நாற்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும், மூன்று ஆண்டாவது. அதற்கு ஆளும் பணமும் ஒதுக்க முடியாதவர்கள் ஐந்து ஏக்கரில் கை வைக்காதீர்கள். அரை ஏக்கரை முழுதாக முடியுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேல நெற்றை மாடுகள் தின்னட்டுமா?

முழு நெற்றாகத் தின்னவிட்டால் சாணத்தோடு விதையும் நிலமெங்கும் போகும், நன்றாகவும் முளைக்கும். விதை நொறுங்கும்படி அரைத்து, மற்ற தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். உண்ணிச்செடி இலையைத் தின்னவே விடாதீர்கள்; ஈரலைக் கெடுக்கும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

புதர் குறைவாக உள்ள ஓரத்திலிருந்து அடர்ந்த பகுதியை நோக்கி. தூரோடு எடுங்கள்.